யார் வீட்டுப் பிள்ளை?

பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டிடத்தில் தொடங்குவார்கள். இல்லையென்றால் அங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் பெயர்களில் தொடங்குவார்கள். செகந்திராபாத்தின் அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்து, கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, முதலில் கண் போவது சேர்க்கைப் பதிவேட்டின் மேல்தான். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தொழில், தாய்மொழி, சேர்ந்த தேதி, நின்ற தேதி. ஒரு பள்ளி யாருக்காக நடந்தது, யாரை வெளியே நிறுத்தியது, எந்த வருஷம் ஊரில் என்ன புரண்டது என்பதையெல்லாம் அந்தப் பத்திகளே சொல்லிவிடும். தேர்ச்சி விகிதம் அதற்கு அப்புறம் வருகிற செய்தி.

செகந்திராபாத்தின் பாரடைஸ் சந்திப்பிலிருந்து மேற்கே போனால் ரசூல்புரா, அதையடுத்துப் பழைய விமான நிலையம், அதற்கும் அப்பால் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலின் நீண்ட மதில். இந்த பேகம்பேட் முழுக்க ஒரு காலத்தில் பைகா பிரபுக்களின் மண். நிஜாமின் மகள் பஷீர் உன்னிசா பேகம் பைகா குடும்பத்துக்கு மருமகளாகப் போனபோது சீதனமாகத் தந்த இடம், அதனால்தான் பேகம்பேட் என்பார்கள். பைகா பிரபு விகார் உல் உம்ரா, தான் ஆசையாகக் கட்டிய ஃபலக்னுமா அரண்மனையை ஆறாம் நிஜாமுக்கு விட்டுக்கொடுத்த பிறகு இந்தப் பக்கம்தான் வந்து மாளிகை எழுப்பினார். ஸ்பானிஷ் மசூதியும் அவர் பணிதான். 2008இல் அந்த மாளிகையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் வந்து, 2023இல் நானக்ராம்குடாவுக்குப் போனது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட இடமும் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த ஊரில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்படுவது அந்த மதிலும் அதன் வாசலும்தான்.

1923இல் அந்த வாசல் திறந்தபோது அதன் பெயர் ஜாகிர்தார் கல்லூரி. கல்லூரி என்று பெயரே தவிர, பள்ளிக்கூடம். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியை மனத்தில் வைத்து அதை ஏற்படுத்தினார். அங்கே சேர ஒரே ஒரு கேள்விக்கு விடை சரியாக இருந்தால் போதும்: நீ யார் வீட்டுப் பிள்ளை?

ஜாகிர்தார் என்றால் யார் என்று தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டும். நிஜாமின் நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு நிலம் அரசின் நேரடி வரிக்கு உட்பட்டது. பத்துப் பங்கு நிஜாமின் சொந்தச் சொத்து, அதற்கு சர்ஃப்-எ-காஸ் என்று பெயர். மீதி முப்பது பங்கு ஜாகிர்தார்களிடம் இருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். வரி வாங்குவதும் அவர்களே. பெரிய ஜாகிர்களில் போலீசும் நீதிமன்றமும்கூட அவர்களுடையவை. நம் பக்கத்து ஜமீன்தாரோடு ஒப்பிடலாம் என்றாலும் அதிகாரத்தில் பலர் அவர்களையும் மிஞ்சியவர்கள். இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை பெரியவையானாலும் எண்ணிக்கையில் ஒரு சிறு சமூகம். அந்தச் சிறு சமூகத்தின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் நூறு ஏக்கருக்கு மேல் நிலத்தில், குவிமாடமும் வளைவுமாக ஒரு பள்ளி. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பையன்கள்தான்.

தனிப் பள்ளி எதற்கு? தேவ்டி என்று சொல்லும் பெரிய வீடுகளுக்குள் வேலைக்காரர்கள் சூழ வளர்ந்து, வீட்டுக்கு வரும் மௌல்வியிடமும் ஆங்கில ஆசிரியரிடமும் அரைகுறையாகப் படித்த வாரிசுகள் கிராமங்களை ஆளப் போகிறார்களே என்ற கவலை ஆட்சியில் இருந்தவர்களுக்கு நெடுநாளாக இருந்தது. ஹைதராபாத்தின் திவான் முதலாம் சாலார் ஜங் 1870களிலேயே தம் பிள்ளைகளையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் உட்காரவைத்து மதரஸா-இ-ஆலியாவைத் தம் அரண்மனையில் தொடங்கினார். பிரிட்டிஷ்காரர்களும் ராஜ்கோட்டில் ராஜ்குமார் கல்லூரி, அஜ்மீரில் மேயோ கல்லூரி என்று சமஸ்தான வாரிசுகளுக்குத் தனித்தனிப் பள்ளிகள் வைத்தார்கள். தகப்பன் தொழில் என்ற பத்தியில் ‘ராஜா’ என்று எழுதக்கூடிய பிள்ளைகளுக்கான பள்ளிகள்.

சென்னையிலும் அப்படி ஒன்று இருந்தது. தேனாம்பேட்டையில் நியூயிங்டன், ஊர் வழக்கில் மைனர் பங்களா. தகப்பனை இழந்த ஜமீன் வாரிசுகளை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அங்கே தங்கவைத்துப் படிக்கவைத்தது. 1919 அக்டோபரில் ஓர் இரவு அதன் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள் கைதானார்கள். சிங்கம்பட்டியார் அப்ரூவர் ஆனார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டுக் கடம்பூரார் விடுதலையானார். அந்த வழக்கின் செலவில் விழுந்த கடனை அடைக்கத்தான் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மாஞ்சோலைக் காட்டை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது என்று திருநெல்வேலிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். மைனர் பங்களா பிறகு மூடப்பட்டது. பிறப்பை மட்டும் பார்த்துச் சேர்க்கும் பள்ளிக்கு ஆயுள் குறைவு என்று நான் நினைப்பதற்கு அது ஒரு காரணம். பேகம்பேட் பள்ளி அந்த விதியிலிருந்து எப்படித் தப்பியது என்பதைச் சொல்வதற்கு முன் அக்கம்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும்.

1918இல் இதே நிஜாமின் அரசு உஸ்மானியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. மருத்துவம், பொறியியல் உட்பட எல்லாவற்றையும் உருதுவில் கற்பிக்கும் பெரிய கனவு அது. அதற்காகவே ஒரு மொழிபெயர்ப்புத் துறை நூற்றுக்கணக்கான நூல்களை உருதுவாக்கியது. மெய்யாகவே துணிச்சலான காரியம். ஆனால் ஐந்து வருஷம் கழித்து பேகம்பேட்டில் பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆங்கிலக் கல்வி. ஊரார் பிள்ளைகளுக்கு உருது, பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய பெருங்கூட்டத்துக்குப் பெரும்பாலும் எந்தப் பள்ளியும் கிடையாது. 1951 கணக்கெடுப்பிலும் ஹைதராபாத் ராஜ்யத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஜாகிர்தார் கல்லூரியின் புல்வெளியை நினைக்கிறபோதெல்லாம் இந்த எண்ணையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

வேறு மாதிரியான வாசல் ஒன்று சில கிலோமீட்டர் கிழக்கே, செகந்திராபாத்தில், ஜாகிர்தார் கல்லூரிக்கு அறுபது வருஷம் முன்பே திறந்திருந்தது. திறந்தவர் ஒரு தமிழர். பட்டாளத்துக்காக பிரிட்டிஷார் அமைத்த ஊர் செகந்திராபாத். மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் துபாஷிகள், குமாஸ்தாக்கள், பட்டாளத்துக்குச் சரக்கு கொடுக்கும் முதலியார் வியாபாரிகள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சோமசுந்தர முதலியார் 1862இல் ஆங்கிலமும் நாட்டு மொழிகளும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிற்பாடு ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் பெயரால் அது மஹபூப் கல்லூரி ஆனது. 1893 பிப்ரவரி 13ஆம் தேதி, சிகாகோ போகும் முன், விவேகானந்தர் மேடையேறி மேற்கு நாடுகளுக்குத் தாம் போகும் நோக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசியது இந்த மஹபூப் கல்லூரியில்தான். ஆயிரம் பேர் வந்திருந்தார்கள்.

என் தாத்தா நிஜாம் ரயில்வேயில் பிட்டராக லாலாகூடா ஒர்க் ஷாப்புக்கு வந்தவர். அப்பாவை அவர் மஹபூப் கல்லூரியில்தான் சேர்த்தார். கேட்ட கேள்வி சம்பளம் கட்ட முடியுமா என்பது மட்டும்தானாம். தெலுங்குக்காரர், மராத்தியர், பார்ஸி, மார்வாடி, உருதுக்காரர் என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்வார். அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கை ஹைதராபாத் வரை நீண்டிருந்தது. 1887இல் தொடங்கிய நிஜாம் கல்லூரி அதோடுதான் இணைந்திருந்தது. அதன் முதல்வர் அகோரநாத் சட்டோபாத்யாயரின் மகள் சரோஜினி, பன்னிரண்டு வயதில் மதராஸ் மெட்ரிக் பரீட்சையில் தேறித்தான் ஊர் வாயில் புகுந்தாள். ஒரு தமிழ் வியாபாரி தன் பணத்தைப் போட்டுத் திறந்த பள்ளியையும் அரசனின் ஆணையில் பிறந்த பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு முதலியார் மேல் தனி மரியாதை வருகிறது. அவர் தம் ஜாதிக்காரர்களுக்கு மட்டும் என்று வாசலைக் குறுக்கிக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வடக்கே, ஆதிலாபாத் காட்டில், மூன்றாவது ஒரு வாசல். காடும் நிலமும் தங்களுடையவை என்று எழுந்த கோண்டுத் தலைவர் குமுரம் பீம் 1940இல் ஜோடேகாட்டில் நிஜாமின் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு விழித்துக்கொண்டு, அப்போது ஹைதராபாத்தில் இருந்த ஆஸ்திரிய மானிடவியலாளர் ஹைமண்டார்ஃபை நிலைமையை ஆராயச் சொன்னது. அவரும் அவர் மனைவி பெட்டியும் மார்லவாய் கிராமத்தில் கோண்டுகளோடு தங்கினார்கள். 1943இல் அங்கே கோண்டு இளைஞர்களையே ஆசிரியர்களாக்கும் பயிற்சி நிலையம் தொடங்கியது. கோண்டி மொழியிலேயே முதல் பாடப் புத்தகங்கள் அச்சாயின. குடிசையில் நடந்த பள்ளிதான். ஆனால் பிள்ளையின் தாய்மொழியில் தொடங்க வேண்டும், அந்த ஊர்க்காரனே வாத்தியாராக வேண்டும் என்ற இரண்டு காரியத்தை அன்றே செய்துவிட்டார்கள். நான் ஆசிரியப் பயிற்சியில் படித்த எந்தக் கொள்கையையும்விட மார்லவாய் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பேகம்பேட், செகந்திராபாத், மார்லவாய்: ஒரே அரசனின் காலம், ஒரே நாடு.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்தது. அடுத்த ஆண்டே, 1949 ஆகஸ்ட் 15 முதல், ஜாகிர் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று காலை பேகம்பேட் பள்ளிக்கு நேர்ந்ததை யோசித்துப் பார்க்கிறேன். மாணவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள், கட்டிடமும் மைதானமும் அப்படியே. ஆனால் எந்தக் கேள்விக்கு விடையாக அந்தப் பிள்ளைகள் உள்ளே வந்தார்களோ அந்தக் கேள்வியே செல்லாக்காசாகிவிட்டது. தகப்பன் தொழில் என்ற பத்தியில் எழுத ஜாகிர்தார் என்ற வார்த்தை இல்லை. ஜாகிர்தார் குடும்பங்கள் இழப்பீட்டைத் தவணையில் வாங்கும் குடும்பங்களாகின. சில கராச்சிக்குப் போயின. சில தேவ்டியை விற்றுத் தின்றன.

அப்போது அந்தப் பள்ளியை மூடிவிட்டு இடத்தைக் கச்சேரியாகவோ ஆஸ்பத்திரியாகவோ மாற்றியிருக்கலாம். ஹைதராபாத்தில் பல மாளிகைகளுக்கு அதுதான் நடந்தது. ஆனால் இங்கே 1950–51இல் பெயரை மாற்றி எல்லோரும் சேரலாம் என்றார்கள். ஜாகிர்தார் கல்லூரி ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் ஆனது. கழுகுச் சின்னத்தோடு ‘விழிப்பாயிரு’ என்பது பள்ளியின் வாசகம். இல்லங்களுக்கு நாலந்தா, தட்சசீலம், நாகார்ஜுனா, விஜயநகரம் என்ற பெயர்கள். நிஜாமின் ஊரில் விஜயநகரத்தின் பெயரால் ஓர் இல்லம் என்பதே புதிய காலத்தைச் சொல்லும்.

‘எல்லோரும்’ என்றால் யார்? இங்கே நிதானமாகப் பேச வேண்டும். புதிய ராஜ்யத்துக்கு, 1956க்குப் பிறகு ஆந்திரப் பிரதேசத்துக்கு, அதிகாரிகள் வந்து குவிந்தார்கள். ராணுவ அதிகாரிகள், மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர்கள், ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள், டாக்டர்கள், பேராசிரியர்கள். பேகம்பேட் வாசலில் இப்போது வரிசையில் நின்றது இவர்களின் பிள்ளைகள். மைக்ரோசாஃப்ட்டின் தலைவராக 2014இல் வந்த சத்யா நாதெல்லாவின் தகப்பனார் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மாஸ்டர்கார்டை நடத்தி, 2023இல் உலக வங்கியின் தலைவரான அஜய் பங்காவின் தகப்பனார் லெப்டினன்ட் ஜெனரல். கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளேயின் பெற்றோர் இருவரும் பேராசிரியர்கள். அடோபியின் சாந்தனு நாராயணும் இந்தப் பள்ளிதான். ஒரே பள்ளியிலிருந்து இத்தனை பேரா என்று பத்திரிகைகள் வியந்து வியந்து எழுதின. நானும் பெருமைப்படுகிறேன், அந்த மைதானமும் அந்த ஆசிரியர்களும் செய்த வேலை குறைவில்லை. ஆனால் கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தக அலமாரி உள்ள வீட்டிலிருந்து வந்த பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அளப்பதோடு, எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்றும் அளக்க வேண்டும். ஒரு பள்ளியின் சாதனை அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்.

1988 வரை அது ஆண் பிள்ளைகளுக்கான பள்ளி. அதற்குப் பிறகு பெண் குழந்தைகளும் சேர்ந்தார்கள். அறுபத்தைந்து வருஷம் பிடித்தது.

மதிலுக்கு வெளியே வருகிறேன். ரசூல்புரா பஸ்தி அந்தப் பள்ளியிலிருந்து அதிக தூரமில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ‘படி பாட்ட’ என்ற சேர்க்கை இயக்கத்துக்காக அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போவோம். கையில் துண்டுப் பிரசுரம், தோளில் பதிவேடு. ஆறு வயதுக் குழந்தை இருக்கிறதா, எங்கே படிக்கிறது, ஏன் நின்றது. மஹபூப்நகரிலிருந்து கட்டிட வேலைக்கு வந்த குடும்பங்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற உருதுக் குடும்பங்கள், சில தமிழ்க் குடும்பங்களும். எந்த வாசலில் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “சார், இங்கிலீஷ் மீடியமா?” நாங்கள் தெலுங்கு, உருது என்று பதில் சொன்ன காலமெல்லாம் அந்தத் தாய்மார்கள் வீட்டு வேலையில் சம்பாதித்த காசைச் சந்துக்குள் மாடியில் நடக்கும் தனியார் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். எங்கள் பதிவேட்டில் வரிகள் குறைந்தன. செகந்திராபாத்தில் தமிழ் வழியில் நடந்த வகுப்புகள் முதலில் கரைந்தன. பிள்ளைகள் வேறு எங்கும் போய்விடவில்லை, ஆங்கிலத்துக்குப் போனார்கள்.

அந்தத் தாய்மார்களைக் குறை சொல்லிப் பேசுகிற சக ஆசிரியர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். தாய்மொழியில் படிப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று எனக்கும் தெரியும், மார்லவாயைக் கொண்டாடுகிறவன்தான். ஆனால் 1923லிருந்தே இந்த ஊர் தன் ஏழைகளுக்கு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறது: ஆள்கிறவர் வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படிக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். 2022–23இல்தான் தெலங்கானா அரசு தன் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரை ஆங்கில வழியைக் கொண்டுவந்தது. அதே சமயம் ‘மன பஸ்தி மன படி’ என்று நகரத்துப் பள்ளிகளுக்குக் கழிப்பறை, தண்ணீர், பெஞ்சு செய்து தரும் திட்டமும் வந்தது. கழிப்பறைக்குக் கதவு வந்தால் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்பதாவதுக்கும் வருவாள். என் பதிவேட்டில் கண்டது இது.

பேகம்பேட் வாசலில் இன்னொன்றும் நடக்கிறது. அதைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. அரசின் பழங்குடியினர் நலத்துறை, வருமான வரம்புக்கு உட்பட்ட பழங்குடிக் குடும்பங்களின் குழந்தைகளை ஒன்றாம் வகுப்பில் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் சேர்க்கிறது. விண்ணப்பம் வாங்கி, பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். சீட்டு விழுந்த குழந்தைக்கான கட்டணத்தை அரசு கட்டும். ஆதிலாபாத் கோண்டுக் குழந்தை, கம்மம் பக்கத்துக் கோயாக் குழந்தை, லம்பாடித் தாண்டாவின் குழந்தை, ஜாகிர்தார் பிள்ளைகள் நடந்த அதே வளைவுகளின் கீழ் நடக்கிறது. 2023 டிசம்பரில் நடந்த நூற்றாண்டு விழாவுக்கு வந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சந்தால் பழங்குடியில் பிறந்து கிராமத்துப் பள்ளியில் படித்தவர்.

இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஆறு வயதில் வீட்டை விட்டு வருகிற குழந்தை கோண்டியில்தான் அழும். அந்த அழுகை புரிகிற ஒருவர் அந்த விடுதியில் இருக்க வேண்டும். மார்லவாய்க்காரர்களுக்கு 1943இலேயே தெரிந்த விஷயம். மற்றது, சீட்டு விழாத குழந்தைகள். தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் ஏழைக் குழந்தைகளுக்கு என்கிற கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்த இடங்களில் பல குழந்தைகள் சேர்ந்து படித்தார்கள். இங்கே பத்து வருஷம் தாண்டியும் அந்தப் பிரிவு காகிதத்திலேயே கிடந்தது. உரிமையாக வர வேண்டியது அதிர்ஷ்டமாக வந்துகொண்டிருக்கிறது.

நூற்றாண்டு முடிந்த பள்ளி மலர் போடும். பழைய மாணவர்களின் படங்கள் வரும். வரட்டும். நான் கேட்பது அதன் சேர்க்கைப் பதிவேட்டை. 1923இல் சேர்ந்த முதல் பையன்களின் பக்கம், ஜாகிர் போன 1949க்கும் பெயர் மாறிய 1951க்கும் நடுவிலுள்ள பக்கங்கள், 1988இல் முதல் பெண் பிள்ளையின் பெயர் ஏறிய பக்கம். குலுக்கலில் வந்த குழந்தைகளின் பெயர்களை மறைத்துவிட்டு, அவர்கள் எந்த வகுப்பு வரை நின்றார்கள், எத்தனை பேர் நடுவில் ஊருக்குத் திரும்பினார்கள், முடித்தவர்கள் அடுத்து எங்கே சேர்ந்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்து அச்சிட வேண்டும். ரசூல்புரா பள்ளிகளின் பதிவேடுகளையும் அதோடு வைத்துப் படிக்க உஸ்மானியாவின் வரலாற்று மாணவர்கள் இருக்கிறார்கள். உருதுவில் எழுதிய பழைய பக்கங்களை வாசித்துச் சொல்ல ஊரில் இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கூட்டல் கழித்தல் பார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.